பெரிய நீர்த்தேக்கத்தில் வசந்த கால மீன்பிடிப்பு: ஒரே கிளையைத் தொடர்ந்து கவனித்தல்

குளிர்காலத்தில் நீர் உறைகிற அல்லது உறைநிலையை நெருங்குகிற பகுதிகளில், வசந்தம் பிறந்ததும் பெரிய நீர்த்தேக்கத்திற்குத் தூண்டிலுடன் புறப்படுபவரை முதலில் மலைக்கவைப்பது அதன் பரப்புதான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீர் விரிந்து கிடக்கும். அந்த நீரின் பெரும்பகுதியில் அந்தப் பருவத்தில் தூண்டிலுக்கு எட்டும் மீன் இருப்பதில்லை. எங்கே வீசுவது என்று தெரியாமல் கரை கரையாகப் படகை ஓட்டிப் பகலைக் கழிப்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பல வசந்தங்களாக நான் கடைப்பிடித்து வரும் முறை வேறு. நீர்த்தேக்கத்தின் ஒரு கிளையை மட்டும் தேர்ந்துகொண்டு, அதன் வாயிலிருந்து தலைப்பகுதிவரை நீர் எப்படிச் சூடேறுகிறது என்பதை வாரக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, அந்தச் சூட்டின் பின்னாலேயே மீனைத் தேடிச் செல்கிறேன்.

கிளை என்று நான் சொல்வது, அணை கட்டப்படுவதற்கு முன் ஆற்றில் வந்து கலந்த ஓர் ஓடையின் பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியதால் உருவான நீண்ட நீர்ப்பகுதியை. அப்படிப்பட்ட ஒரு கிளைக்குள் மீனுக்கு வேண்டிய எல்லாமே இருக்கின்றன. வாய்ப்பகுதியில் ஆழமான பழைய ஆற்றுப்படுகை, அதிலிருந்து உள்ளே வளைந்து செல்லும் ஓடைப்படுகை, இருபுறமும் நீருக்குள் நீண்டு இறங்கும் நிலமுனைகள், முனைகளுக்கு இடையே சிறு குடாக்கள், கடைசியில் ஓடை வந்து விழும் ஆழமற்ற தலைப்பகுதி என்று குளிர்கால இருப்பிடமும் முட்டையிடும் இடமும் ஒரே கிளையில் அமைந்துவிடுகின்றன. இரண்டுக்கும் இடையிலான தொலைவு சில கிளைகளில் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் சூடேறுவதில்லை. வட அரைக்கோளத்தில் நீர்த்தேக்கத்தின் வடக்குப் பக்கத்தில் உள்ள கிளைகளும் குடாக்களும் முந்திக்கொள்கின்றன. தெற்கே சாய்வாக நிற்கும் சூரியனின் ஒளி அவற்றின் வடகரையில் நாள் முழுவதும் விழுகிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றையும் கரையின் மேடும் மரங்களும் தடுத்துவிடுகின்றன. தென் அரைக்கோளத்தில் இது அப்படியே மாறிவரும். இதோடு, கண்ணாடிபோல் தெளிந்த நீரைவிடச் சற்றுக் கலங்கிய நீர் மேற்பரப்பிலேயே வெயிலை உறிஞ்சி விரைவாகச் சூடேறும் என்பதால், இலேசான தேநீர் நிறம் கொண்ட கிளையை நான் விரும்புவேன். மீன் அச்சமின்றி ஆழமற்ற இடத்திற்கு வருவதற்கும் அந்த நிறம் உதவுகிறது. ஆனால் மழைக்குப் பின் சேறாகக் குழம்பிய நீர் வேறு; அதில் மீன் இரையைக் காண்பதே கடினம்.

வெப்பநிலை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நன்னீர் ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கிறது. பனி உருகி மேற்பரப்பு அந்த அளவை எட்டும்போது மேல்நீருக்கும் அடிநீருக்கும் அடர்த்தி வேறுபாடு இல்லாமல் போவதால், காற்று முழு நீரையும் கலக்கிவிடுகிறது. அதன்பிறகு சில வாரங்களுக்கு, கோடையில் இருப்பதுபோன்ற நிலையான வெப்ப அடுக்குகள் நீரில் உருவாவதில்லை. வெயில் தரும் சூடு மேல் ஒன்றிரண்டு மீட்டரில் மெல்லிய படலமாகச் சேர்கிறது. பலத்த காற்று வீசினால் கலைந்துபோகிறது. தெளிந்த குளிர் இரவில் வானத்திற்குத் திரும்பிவிடுகிறது. ஆகவே வசந்தத்தின் தொடக்கத்தில் சூடான நீர் என்பது இடத்துக்கு இடம், மணிக்கு மணி மாறும் ஒன்று. நாட்காட்டியில் தேதியைப் பார்த்து இந்த வாரம் மீன் கரைக்கு வந்திருக்கும் என்று முடிவு செய்வதில் பொருளில்லை.

படகில் உள்ள சோனார் என்னும் ஒலிவழி ஆழமானி காட்டும் வெப்பநிலை மேற்பரப்பை ஒட்டியது மட்டுமே. நான் ஒரு சாதாரண வெப்பமானியை முடிச்சிட்ட கயிற்றில் கட்டி, அரை மீட்டரிலும் இரண்டு மீட்டரிலும் இறக்கி அளக்கிறேன். மேலே 13 டிகிரியும் இரண்டு மீட்டரில் 9 டிகிரியும் இருந்தால், அன்றைய வெயில் தந்த மெல்லிய சூடு மட்டுமே அங்கே இருக்கிறது, இரவில் அது போய்விடும் என்று பொருள். இரண்டு ஆழங்களிலும் 12 டிகிரி இருக்குமானால் அந்த இடம் சில நாள்களாகவே சூட்டைத் தக்கவைத்திருக்கிறது. மேற்பரப்பில் ஒரு டிகிரி குறைவாக இருந்தாலும் அங்கேதான் மீன் தங்கும். கரையிலிருந்து மீன்பிடிப்பவரும் நீண்ட கோலின் நுனியில் கயிற்றைக் கட்டி இதைச் செய்யலாம். நான் வைத்திருக்கும் கருவிகளில் விலை குறைந்தது அந்த வெப்பமானி. மிக அதிகமாகப் பயன்பட்டதும் அதுவே.

ஒருமுறை கிளையின் நடுப்பகுதியில் நண்பகல்வரை ஒரு மீன்கூடக் கடிக்காதபோது, உடன் வந்த நண்பர் வேறு கிளைக்குப் போகலாம் என்றார். தென்மேற்கிலிருந்து மிதமான காற்று இரண்டு நாள்களாக ஒரே திசையில் வீசிக்கொண்டிருந்தது. காற்று தள்ளும் மேற்பரப்பின் சூடான நீர் எதிர்க்கரையில் குவிந்திருக்க வேண்டும் என்பதால் படகை வடகிழக்கு மூலைக்குக் கொண்டுசென்று அளந்தோம். நாங்கள் நின்ற இடத்தைவிட அங்கே ஏறத்தாழ மூன்று டிகிரி அதிகம். அலையடித்து இலேசாகக் கலங்கியிருந்த அந்தக் கற்கரையை ஒட்டிச் சிறுமீன் கூட்டங்கள் வந்திருந்தன, அவற்றின் பின்னே பாஸ் மீன்களும் வந்திருந்தன. மாலைவரை நாங்கள் அந்த ஒரே கரையைவிட்டு நகரவில்லை. குளிர்ந்த வடகாற்று வீசும் நாளில் இதே கணக்கு செல்லாது. அப்போது காற்றுக்கு மறைவான பக்கமே நல்லது.

நான் பெரும்பாலும் தேடுவது லார்ஜ்மவுத் பாஸ் என்னும் மீனை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இது இன்று பல கண்டங்களின் நீர்நிலைகளில் பரவியிருக்கிறது. நீரின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை இம்மீன்கள் கிளையின் வாயை ஒட்டிய செங்குத்தான சரிவுகளிலும் ஓடைப்படுகை கரையை உரசிச் செல்லும் வளைவுகளிலும் நான்கு முதல் எட்டு மீட்டர் ஆழத்தில் கூட்டமாகக் கிடக்கும். குளிர்ந்த உடலுக்கு ஓடித் துரத்தும் வேகம் இராது. ஆகையால் நீரில் மூழ்காமலும் மிதக்காமலும் அந்தரத்தில் நிற்கும் மெலிந்த மீன் வடிவச் செயற்கை இரையான ஜெர்க்பெய்ட்டை வீசி, இரண்டு முறை சுண்டிவிட்டு, பத்து வினாடி அல்லது அதற்கும் மேலாக அசையாமல் நிறுத்திவைக்கிறேன். அந்த நிறுத்தத்தில்தான் மீன் கடிக்கும். தூண்டில் நரம்பு இலேசாகப் பக்கவாட்டில் நகர்வதைத் தவிர வேறு அறிகுறி தெரியாமலும் போகலாம் என்பதால் கண்ணை நரம்பிலிருந்து எடுக்கக் கூடாது. ஃபுளோரோகார்பன் என்னும் பிளாஸ்டிக் வகையாலான நரம்பு நீரில் மூழ்குவது, இரையை அதன் ஆழத்தில் வைத்திருக்க உதவுகிறது.

10 டிகிரியைத் தாண்டியதிலிருந்து 15 டிகிரியை எட்டும்வரை உள்ள காலமே இந்தப் பருவத்தின் உயிர்நாடி என்பது என் கருத்து. முட்டை முதிர்ந்து கனத்த பெண் மீன்கள் ஓடைப்படுகையை வழியாகக் கொண்டு உள்ளே நகரத் தொடங்குகின்றன. வழிநடையாகச் செல்வோர் சத்திரங்களில் தங்கித் தங்கிச் செல்வதுபோல, கிளைக்குள் இருக்கும் ஒவ்வொரு நிலமுனையிலும் சில நாள்கள் தங்கி, வெயில் நீடித்தால் முன்னேறி, குளிர் திரும்பினால் முந்தைய முனைக்குப் பின்வாங்குகின்றன. எல்லா முனைகளும் தங்குமிடம் ஆகிவிடுவதில்லை. ஓடைப்படுகை முனையின் நுனிக்கு மிக அருகில் வரவேண்டும். நுனியில் கல், அடிமரம், முற்காலத்து வேலி, மூழ்கிய சாலையின் ஓரம் என்று ஏதேனும் ஒரு பிடிமானம் இருக்க வேண்டும். ஆழ அளவுக் கோடுகள் உள்ள வரைபடத்தில் அந்தக் கோடுகள் நெருங்கி வரும் இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டால், பத்து முனைகளில் இரண்டு மூன்றுதான் தேறும். அந்த இரண்டு மூன்றையும் ஒரே நாளில் வெவ்வேறு வேளைகளில் திரும்பத் திரும்பச் சென்று பார்ப்பது என் வழக்கம். காலையில் வெறுமையாக இருந்த முனை பிற்பகல் மூன்று மணிக்கு மீன் நிறைந்ததாக மாறுவது வசந்தத்தில் இயல்பு.

இந்தக் கட்டத்தில், இழுக்கும்போது நீருக்குள் மூழ்கி ஆடிவரும் செயற்கை இரையான கிராங்க்பெய்ட் எனக்குக் கைகொடுக்கிறது. இரண்டு, இரண்டரை மீட்டர்வரை மூழ்கும் ஒன்றை, தரையையும் கல்லையும் இடித்துக்கொண்டு வரும்படி மெதுவாகச் சுற்றி இழுப்பேன். அடிமரத்தில் முட்டி விலகும் நொடியில்தான் பெரும்பாலான கடிகள் விழுகின்றன. ஆகவே எதிலும் படாமல் நடுநீரில் வரும் இரை, வேண்டிய ஆழத்தை எட்டவில்லை என்றே கொள்வேன். காற்று எழுந்து நீர்ப்பரப்பு நொறுங்கினால் தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட்டுக்கு மாறுகிறேன். ஒரு முனையில் முதல் மீன் கிடைத்ததும் அவசரமாக நகராமல் அதே கோணத்தில் மறுபடி வீச வேண்டும். அதே மரத்தின் அதே பக்கத்தில் பல பெண் மீன்கள் ஒன்றாக நிற்கும் காலம் இது.

கிராப்பி மீனைத் தேடுபவருக்கும் இந்தக் கிளையே போதும். 15 டிகிரியை ஒட்டி அவை குடாக்களின் மூழ்கிய புதர்களுக்கும் கிளைகள் நிறைந்த விழுந்த மரங்களுக்கும் வந்துசேர்கின்றன. இரண்டு மூன்று கிராம் எடையுள்ள சிறு ஜிக்கை, அதாவது தலையில் எடை பொருத்திய தூண்டில் முள்ளை, தக்கைக்குக் கீழே ஒரு மீட்டர் ஆழத்தில் தொங்கவிட்டு, அலையே அதை அசைக்கும்படி விட்டுவிடுவது சிறந்த வழி. கிராப்பியின் வாய் மிக மென்மையானது. தக்கை அமிழ்ந்ததும் சுண்டி இழுத்தால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கோலை மெல்ல உயர்த்தினால் போதும். வால்ஐ மீனோ இவை எல்லாவற்றுக்கும் முன்பே, ஏறக்குறைய 6 முதல் 10 டிகிரி நீரில், ஓடை நுழையும் கல் படுகைகளிலும் அணையின் கல்பதித்த சரிவுகளிலும் இரவில் முட்டையிட்டு முடித்துவிடும். முட்டையிடும் காலத்தில் அதைப் பிடிக்கப் பல இடங்களில் தடை இருப்பதால் அந்தந்த நீர்நிலைக்குரிய விதிகளை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் படித்துக்கொள்வது கட்டாயம்.

இயற்கை ஏரியில் மீன்பிடித்துப் பழகியவர்கள் நீர்த்தேக்கத்தில் தடுமாறுவது நீர்மட்டத்தால். இங்கே நீரின் அளவை முடிவு செய்வது வானம் மட்டுமல்ல. வெள்ளத்தைத் தாங்க இடம் வைப்பதும், மின்சாரம் எடுப்பதும், பாசனத்திற்குத் திறப்பதுமாக அணையின் மதகுகளே அதைத் தீர்மானிக்கின்றன. மட்டம் உயரும்போது மீன் புதிதாக மூழ்கிய புல்லையும் புதரையும் நோக்கி உடனே கரைக்கு ஏறுகிறது. மண்புழுவும் பூச்சியும் அங்கே இரையாகக் கிடைக்கின்றன. மட்டம் இறங்கத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே, ஒரு சாண் அளவு குறைந்திருந்தாலும், அது புதரைவிட்டு வெளியேறி ஆழத்தை ஒட்டிய விளிம்பில் போய் நின்றுவிடும். நேற்று நிறைய மீன் தந்த புதர்க்கரை இன்று ஒன்றும் தராததற்கு நான் கண்ட காரணங்களில் இதுவே முதன்மையானது. ஆகவே புறப்படுமுன் அணை நிர்வாகம் வெளியிடும் நீர்மட்டத்தையும் வெளியேற்ற அளவையும் முந்தைய நாளின் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நீரோரத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்தால் அன்றைய ஏற்ற இறக்கம் கண்ணெதிரே தெரிந்துவிடும்.

ஓடை கொண்டுவரும் நீரையும் இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டும். இளஞ்சூடான வசந்த மழை பெய்து ஓடை பெருகினால் கிளையின் தலைப்பகுதி ஒரே நாளில் சூடேறி மீனை இழுத்துக்கொள்ளும். அதே ஓடையில் மலைப்பனி உருகி வந்தால் நீர் தெளிவாகவும் அழகாகவும் தோன்றினாலும் கடுங்குளிராக இருக்கும். மீன் அதைவிட்டு விலகிக் கிளையின் நடுவுக்குப் போய்விடும்.

வசந்தத்தில் குளிர் திரும்பி வருவது வழக்கமான ஒன்று. வானம் துடைத்துவிட்டாற்போல் நீலமாகி, காற்றழுத்தம் உயர்ந்து, வடகாற்று வீசும் அந்த இரண்டு மூன்று நாள்களில் மீன் முழுவதுமாக ஆழத்திற்குத் திரும்பிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் அது அவ்வளவு தூரம் போவதில்லை. நின்ற இடத்துக்கு மிக அருகிலுள்ள சரிவின் அடியிலோ, மரத்தின் மிக அடர்ந்த நிழலிலோ ஒட்டிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறது. அந்நாள்களில் வேகமான இரைகளைப் பெட்டியில் வைத்துவிட்டு, சிறிய ஜிக்கையோ மென்மையான பிளாஸ்டிக் புழுவையோ மரத்தின் அடியிலேயே இறக்கி, நகர்த்தாமல் வைத்திருப்பேன். எண்ணிக்கை குறையும், ஆனால் அடிநீர் சற்று நிதானித்த பிற்பகலில் ஒன்றிரண்டு நல்ல மீன்கள் கிடைக்கும்.

நீர் 15 முதல் 20 டிகிரிக்குள் வந்து நிலைத்ததும், பெண்ணைவிடச் சிறியதான ஆண் மீன் ஆழமற்ற இடத்தில், கெட்டியான மணல் அல்லது சரளைத் தரையில், வாலால் துடைத்துக் கூட்டை அமைக்கிறது. கரையிலிருந்தே வெளிர்நிற வட்டமாக அது தெரியும். முட்டையிட்டுவிட்டுப் பெண் போய்விடும். முட்டை பொரிந்து குஞ்சுகள் கூட்டமாக நீந்தத் தொடங்கிய பின்னும் ஆண் காவல் நிற்கும். அந்த ஆண் பசியால் கடிப்பதில்லை, எதிரியை விரட்டவே கடிக்கிறது. அதைத் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டு புகைப்படம் எடுக்கும் சில நிமிடங்களுக்குள் புளூகில் மீன்கள் கூட்டுக்குள் நுழைந்து முட்டைகளைத் தின்றுவிடும். சட்டம் அனுமதிக்கும் இடங்களிலும் கூட்டின்மேல் இருக்கும் மீனை நான் குறிவைப்பதில்லை. அதே வாரத்தில் இன்னும் முட்டையிடாத மீன்கள் வெளிமுனைகளில் காத்திருக்கும்போது, காவல் நிற்பதை இழுத்து எடுக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. தற்செயலாகக் கூட்டு மீன் மாட்டிக்கொண்டால் அதை நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி அதே இடத்தில் விட்டுவிட வேண்டும். முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் முன்னதாகவே நசுக்கிவைத்திருந்தால் இது சில வினாடி வேலை.

எந்த மீனை விடுவிப்பதானாலும் கையை நனைத்துக்கொண்டு தொடுவது, மேலே படிந்திருக்கும் வழவழப்பைக் காக்கும். பெரிய மீனைக் கீழ்த்தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் தாடையே கேடடையும். மற்றொரு கையால் வயிற்றைத் தாங்கிக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். பத்து மீட்டருக்கும் கீழேயிருந்து விரைவாக மேலே இழுக்கப்பட்ட மீனின் காற்றுப்பை உப்பிவிடுவதால் அது மீண்டும் மூழ்க இயலாமல் திணறும். விடுவிக்கும் எண்ணத்தோடு மீன்பிடிப்பவர் அந்த ஆழங்களைத் தவிர்ப்பதே முறை.

இனிச் சொல்லப்போவதை நான் மீனைவிட முக்கியமாகக் கருதுகிறேன். வசந்தத்தில் காற்று இதமாக இருக்கும், நீர் உயிரைப் பறிக்கும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீரின் விளைவுகளை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் எளிதாக நினைவில் வைக்கும்படி ஒரு கணக்கைத் தந்திருக்கிறார்: உறைகுளிர் நீரில் விழுந்தவருக்கு மூச்சுத் திணறலை அடக்க 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி இயங்க 10 நிமிடம், உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப 1 மணி நேரம். முதல் நிமிடத்தின் திணறலிலேயே நீரை உள்ளிழுத்து மூழ்குபவர்கள் உண்டு. அந்த நிமிடத்தில் தலையை மேலே வைத்திருப்பது உடுத்தியிருக்கும் லைஃப் ஜாக்கெட் மட்டுமே. இருக்கைக்கடியில் கிடக்கும் ஜாக்கெட்டை நீருக்குள் இருந்துகொண்டு அணிய முடியாது. கரையிலிருந்து கிளம்பும் முன்பே அதை அணிந்து, இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றையும் உடலில் மாட்டிக்கொள்ள வேண்டும். மாற்று உடை நீர்புகாத பையிலும், கைபேசி நீர்புகாத உறையில் சட்டைப்பையிலும் இருக்கட்டும்.

வெள்ளம் அடித்துவந்த மரக்கட்டைகள் நீர்மட்டத்தோடு மட்டமாக மிதந்துகொண்டிருக்கும் காலமும் இதுதான். மூழ்கிய நிலையில் நுனி மட்டும் வெளியே தெரியும் கட்டையை வேகமாகச் செல்லும் படகிலிருந்து காண்பது அரிது. திறந்த நீரில் காற்று நெடுந்தொலைவு தடையின்றி ஓடிவருவதால் சிறு காற்றுக்கும் பெரும் அலை எழும்; புறப்படும்போது அமைதியாக இருந்த நடு நீர்த்தேக்கம் பிற்பகலில் சிறு படகால் கடக்க முடியாததாகிவிடலாம். ஒரே கிளையில் தங்கி மீன்பிடிக்கும் முறையில் இந்தக் கடப்பே தேவைப்படுவதில்லை என்பது எனக்கு அம்முறையில் பிடித்த இன்னொன்று.

படகை வெளியே எடுத்ததும் அடிப்பகுதியிலும் இழுவண்டியிலும் ஒட்டியிருக்கும் நீர்ச்செடிகளை அகற்றி, தேங்கிய நீர் முழுவதையும் வடித்து, நன்கு உலர்த்திய பிறகே வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். 1980களின் இறுதியில் வட அமெரிக்கப் பேரேரிகளில் கண்டறியப்பட்ட சீப்ரா மட்டி என்னும் அந்நியச் சிப்பியினம் எண்ணற்ற நீர்நிலைகளுக்குப் பரவியதில் இப்படி இழுத்துச் செல்லப்பட்ட படகுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் இளம் உயிரிகள் கண்ணுக்குத் தெரியாதவை. படகில் பிடித்த மீனை வைக்கும் தொட்டியின் அடியில் நிற்கும் சிறிதளவு நீரிலேயே அவை பயணம் செய்துவிடும்.

மேற்பரப்பு 20 டிகிரியைக் கடந்து சில நாள்கள் நீடித்ததும் குடாக்கள் மெல்ல வெறுமையாகின்றன. முட்டையிட்டுக் களைத்த பெண் மீன்கள் வந்த வழியாகவே, அதே முனைகளில் தங்கித் தங்கி, கிளையின் வாய்க்குத் திரும்புகின்றன; ஆகவே வசந்தத்தின் முற்பகுதியில் வரைபடத்தில் குறித்துவைத்த முனைகளைப் பின்னோக்கிய வரிசையில் இன்னொரு முறை பார்க்கலாம். விடியற்காலையில் மட்டும் கற்கரைகளை ஒட்டி நீர்மேல் இரையை ஓட்டினால் குஞ்சுகளை விட்டு விலகிய ஆண் மீன்கள் எழுந்து வந்து அடிக்கும். நீரில் வெப்ப அடுக்குகள் நிலைபெற்றுவிட்டன என்பதை முடிச்சுக் கயிற்று வெப்பமானி காட்டத் தொடங்கியதும், நான் கிளையைவிட்டு வெளியேறி ஆழமான முதன்மைப் படுகையில் கோடைகால மீன்பிடிப்பைத் தொடங்கிவிடுகிறேன்.